பொது அறைக்கு எந்த கேம் பெட்டி?



சென்ற செமஸ்டர் கடைசியில் பேரவைக் கூட்டத்தில் நடந்த சண்டை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். கேண்டீன் விலைக்காகவோ பஸ் பாஸுக்காகவோ அல்ல. பொது அறைக்கு ஒரு பழைய காலத்து வீடியோ கேம் வாங்கலாம் என்று தலைக்கு இருபது ரூபாய் வசூலித்தோமே, அந்த ஆறாயிரத்தை எதில் போடுவது என்பதற்காக! மெக்கானிக்கல் பிரிவு "பிளே ஸ்டேஷன் டூ" என்றது. கம்ப்யூட்டர் பிரிவு "பத்தாயிரம் கேம் இருக்கிற ஸ்டிக்" என்றது. சிவில்காரர்கள் கேரம் போர்டே போதும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். (அதிலும் நியாயம் இருக்கிறது.) கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. "உனக்கு அபிப்பிராயம் இருந்தா மலருக்கு எழுதிக் குடுடா, கத்தாதே" என்றார் பொருளாளர். எழுதிவிட்டேன்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் ஒரு கேம் பெட்டியைக் கொன்றவன். அந்தத் தகுதிதான்.

எனக்கு ஊர் கம்மாபுரம். மாமா வீடு நெய்வேலியில். மாமா கல்யாணத்துக்கு முன்பு, 1996-ல், சென்னை பர்மா பஜாரில் ஒரு டி.வி. கேம் வாங்கி வந்தாராம். அந்தத் தெருவில் அது ஒன்றுதான். மாரியோ, காண்ட்ரா, டாங்க் சண்டை என்று நாலைந்து கேசட். ஞாயிற்றுக்கிழமை வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடக்கும் என்று அத்தை இன்றைக்கும் சொல்லும். நான் ஏழாவது படிக்கும்போது பொங்கல் லீவுக்குப் போனவன் பரணில் அதைக் கண்டுபிடித்தேன். அடாப்டர் இல்லை. பழைய செட்டாப் பாக்ஸின் அடாப்டர் பின் சரியாக உள்ளே போயிற்று. போனால் போதாதா? சுவிட்சைப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம். அழுகிய மீன் மாதிரி ஒரு நாற்றம். அவ்வளவுதான். மாமா திட்டவில்லை. "விடுடா, அது உனக்கு முன்னாடி பொறந்தது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மறுபடி பரணில் வைத்துவிட்டார். அதற்கு ரெண்டு அறை கொடுத்திருக்கலாம்.

இரண்டாம் ஆண்டில் 7805 ரெகுலேட்டர் பாடம் நடந்தபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அந்தக் காலத்து ஃபேமிகாம் வகைப் பெட்டிகளுக்கு அடாப்டர் பின்னின் நடுப்பகுதி நெகட்டிவ். செட்டாப் பாக்ஸ் அடாப்டரில் நடு பாசிட்டிவ். நான் கொடுத்தது தலைகீழ் மின்சாரம்! நேராகப் போய்ப் பெட்டியை வாங்கி வந்து திறந்தேன். உப்பி வெடித்த ஒரு கெப்பாசிட்டர், செத்துப்போன 7805. இரண்டையும் மாற்றினேன். ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. படம் வந்துவிட்டது. சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை; எங்கோ ஒரு டிரான்சிஸ்டர் போயிருக்க வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறேன். மாமா வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து அரைமணி நேரம் மாரியோ ஆடினார். ஆறாவது கட்டத்தில் விழுந்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெட்டி பிழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே நாற்பது கால் உள்ள இரண்டு சிப் தனித்தனியாக இருந்தன: யு.எம்.சி. கம்பெனியின் யு.ஏ. 6527, யு.ஏ. 6538. ஒன்று கணக்குப் போடும், ஒன்று படம் வரையும். ஜப்பானில் நிண்டெண்டோ 1983 ஜூலை 15-ல் 14,800 யென்னுக்கு வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் மூளையைத் தைவானில் நகலெடுத்த சிப்புகள் இவை. இதே குடும்பத்துப் பெட்டிகள்தான் லிட்டில் மாஸ்டர், சாமுராய், டெர்மினேட்டர் என்று பல பெயர்களில் நம் நாட்டு வீடுகளுக்குள் வந்தன. ஒரிஜினலை வாங்க நம்மவர்களிடம் ஏது காசு? சேகா மெகா டிரைவை 1995-ல் ஷா வாலஸ் கம்பெனி இங்கே கொண்டுவந்தபோது விலை 18,000 ரூபாய். அன்றைக்கு எத்தனை வீட்டில் அது மூன்று, நாலு மாதச் சம்பளம்!

இப்போது ஆன்லைனில் ஆயிரத்துக்கு முன்னே பின்னே கிடைக்கும் புதுப் பெட்டிகள் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஒன்றை நண்பன் வாங்கினான், திறந்து பார்த்தோம். பெரிய டப்பாவுக்குள் உள்ளங்கை அளவு போர்டு. அதன் நடுவில் கறுப்பாக ஒரு எபாக்ஸிப் பொட்டு. அவ்வளவு வேலையும் அந்தப் பொட்டுக்குள். அது போனால் குப்பைத் தொட்டிதான். அட்டையில் "9,99,999 கேம்" என்று போட்டிருக்கும். எண்ணிப் பாருங்கள், முப்பதோ ஐம்பதோ தேறும். மீதி எல்லாம் அதே மாரியோ, அதே காண்ட்ரா, மூன்றாம் கட்டத்தில் ஆரம்பிக்கும், பத்து உயிரோடு ஆரம்பிக்கும், பேர் மட்டும் வேறு. நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரே சாம்பாரை மூன்று பாத்திரத்தில் வைப்பது மாதிரி.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களே, கோபப்படாதீர்கள். உங்கள் ஸ்டிக்கைப் பற்றி இதோ. அது கேம் பெட்டியே அல்ல. பழைய பெட்டி மாதிரி நடிக்கும் மென்பொருள் போட்ட ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். நடிப்பில் தப்பில்லை. நிண்டெண்டோவே 2016-ல் முப்பது கேமோடு ஒரு குட்டிப் பெட்டி விட்டது, அதுவும் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் நமக்கு எதற்கு? லேப்பில் கழித்துக் கட்டப்பட்டுத் தூசி படிந்து கிடக்கும் கம்ப்யூட்டர் ஒன்றில் இதே மென்பொருளை இலவசமாகப் போடலாமே! அதிலுள்ள பத்தாயிரம் கேமில் எத்தனைக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். எப்போது இயங்க மறுக்கும் என்று தெரியாத ஒரு மெமரி கார்டுக்குக் கொடுக்கும் காசு அது.

பிளே ஸ்டேஷன் டூ மேல் எனக்கு மரியாதை உண்டு. 2000-ல் வந்து, உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்று, 2013 ஜனவரியில் உற்பத்தி நின்றது. கில்லி தாண்டும் கபடியும் உள்ள 'தேசி அட்டா' என்ற நம் நாட்டு கேம்கூட 2009-ல் அதற்கு வந்தது. ஆனால் கணக்குப் பாருங்கள்: இன்றைக்குக் கிடைக்கும் எந்தப் பெட்டிக்கும் பத்து வயசுக்கு மேல். அதன் உயிர் டிஸ்க்கைப் படிக்கும் லேசர் லென்ஸில் இருக்கிறது. லென்ஸ் தேய்ந்தால் மாற்று லென்ஸ் தேட வேண்டும், அதுவும் அசலா போலியா தெரியாது. நம் ஆறாயிரத்தில் நாலாயிரம், ஐந்தாயிரம் போய்விடும், மூன்றாம் மாதம் "டிஸ்க் ரீடு ஆகலை மச்சான்" என்று நிற்போம். பழகிய ஒருவர் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்கினால் சரி. இல்லையென்றால் வேண்டாம்.

என் ஓட்டு அந்த இரண்டு சிப் பழைய பெட்டிக்கே. புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதி நெடுக நடந்தால் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். சென்னை போகிறவர்கள் ரிச்சி தெருவில் கேட்கலாம். "ஆன்டிக் சார்" என்று ஆரம்பிப்பார்கள், மயங்காதீர்கள். நாலு திருகைக் கழற்றிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். உள்ளே கறுப்புப் பொட்டா, காலுள்ள சிப்பா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அசல் ஜப்பான் பெட்டியே கிடைத்தால் அதன் அடாப்டரைத் தொடவே தொடாதீர்கள், அது 100 வோல்ட்டுக்கானது, நம் 230-ல் போட்டால் என் கதைதான். கேசட் 60 பின் உள்ளதா என்று பாருங்கள். அமெரிக்கப் பெட்டிக்கு 72 பின், ஒன்றுக்கொன்று சேராது. கேசட்டை வாயால் ஊதும் பழக்கம் நம் அண்ணன்மார் காலத்தது. ஊதினால் எச்சில் ஈரம் பட்டுப் பின் பச்சை பூக்கும். ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

இந்தப் பெட்டியில் நமக்கு இன்னொரு லாபம். நாம் லேப்பில் 8085 கிட் முன்னால் உட்கார்ந்து "இது எதுக்குடா" என்று தலையைச் சொறிகிறோமே, ஃபேமிகாமின் மூளையும் அதே எட்டு பிட் ஜாதிதான். 6502 சிப்பின் வாரிசு. வேகம் 1.79 மெகா ஹெர்ட்ஸ், நம் கிட்டைவிடக் குறைவு! ஏ, எக்ஸ், ஒய் என்று கையளவு ரெஜிஸ்டர், 2 கே.பி. ராம். இதை வைத்துக்கொண்டுதான் 1985-ல் மாரியோவை 40 கே.பி.யில் அடைத்தார்கள். விண்ணப்பத்துக்குப் போட்டோவை 50 கே.பி.க்குள் சுருக்கித் தா என்று இணையதளம் நம் உயிரை வாங்குகிறதே, அந்த ஒரு போட்டோவைவிட மாரியோ சிறிது. இடம் போதாமல் மேகத்தின் படத்தையே பச்சைச் சாயம் பூசிப் புதராக்கிவிட்டார்கள். அடுத்த முறை ஆடும்போது பாருங்கள், இரண்டும் ஒரே உருவம். இந்தப் பெட்டிக்கு இன்றைக்கும் புது கேம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நாமும் எழுதலாம்.

துப்பாக்கி வேண்டும் என்று முதலாம் ஆண்டுத் தம்பிகள் கேட்டார்கள். வாத்துச் சுடும் கேம் நம் பொது அறை எல்.இ.டி. டி.வி.யில் வேலை செய்யாது தம்பிகளே. விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும், துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். பெட்டி டி.வி.யில் இது உடனுக்குடன் நடக்கும். புது டி.வி. படத்தைச் சீவிச் சிங்காரித்துக் காட்டுவதற்குள் துப்பாக்கி பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே பெட்டி டி.வி. வேண்டும். அதற்கு எங்கே போவது? 2006-ல் ஆரம்பித்த இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 அங்குல டி.வி. கொடுத்தார்களே! கம்மாபுரத்தில் எந்தப் பரணில் கை வைத்தாலும் ஒன்று தட்டுப்படும். ஒன்றே ஒன்று: அதன் முதுகை யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

"செல்போனிலே எல்லாம் இருக்கே, எதுக்குடா இந்தத் தண்டம்?" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்கிறேன். என் பெரியப்பா பையன் அப்ரண்டிஸ் முடித்து வந்தவன். மூன்று மாத ஸ்டைபெண்டை ஒரு ரம்மி ஆப்பில் விட்டான். பிறகு அதை மீட்கிறேன் என்று பெரியம்மாவின் கம்மலை விட்டான். தீபாவளிக்கு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. எங்கள் பெரியம்மா காது மூளியாகத்தான் இருக்கிறது. செல்போனில் காசு கேட்காத கேமும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொருவனும் ஒவ்வொரு மூலையில் குனிந்துகொண்டு ஆடுவான். இந்தப் பழைய பெட்டி உங்கள் நம்பரைக் கேட்காது, ஓ.டி.பி. கேட்காது. மூன்று உயிர் போனால் கண்ட்ரோலரைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்தே ஆக வேண்டும்.

பெட்டியும் மூன்று கேசட்டும் இரண்டாயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. மீதியில் ஒரு நல்ல மல்டிமீட்டர், ஒரு சோல்டரிங் அயர்ன், நாலு 7805. அப்படியும் மிச்சமிருந்தால் சிவில்காரர்களுக்கு ஒரு கேரம் போர்டு, ஓட்டுக்கு உதவும். டி.வி.யை எங்கள் வீட்டிலிருந்து நானே கொண்டு வருகிறேன். அம்மாவிடம் கேட்டாயிற்று. "எடுத்துட்டுப் போ. அதுமேல இருக்கிற வத்தல் கூடையை எங்க வைக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்கிறது.

கம்மாபுரத்தான்
மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்