அடுப்பு அரியலூரில் எரிகிறது

வீடு கட்டுகிறவர்கள் வாயில் இப்போது ஒரு வாக்கியம் அடிக்கடி வருகிறது: “ஆத்தங்குடி டைல்ஸ் போடப்போறோம். சுடாத கல்லு, சுற்றுச்சூழலுக்கு நல்லது.” முதல் பாதியில் பிழையில்லை. இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிப் பட்டறைகளில் சூளை கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு நிறம். கரைத்த சாயச் சிமென்ட்டை அளந்து ஊற்றிவிட்டு அச்சை நிதானமாகத் தூக்குகிறார்கள். சிவப்பு பச்சைக்குள் கசியக் கூடாது. மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் கலந்த பொடியைத் தூவினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கும் மேலே கலவை போட்டு மட்டம் செய்து, இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றினால் அதன் வழவழப்பு முழுக்கக் கல்லின் முகத்தில் ஒட்டியிருக்கும். மெருகுப் பூச்சு எதுவும் இல்லாமல் வரும் இந்தப் பளபளப்பை நேரில் பார்க்கிற யாருக்கும் அந்த வாக்கியத்தை நம்பத்தான் தோன்றும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது குஜராத்தின் மோர்பி. நாட்டின் பீங்கான் டைல்ஸில் பெரும்பகுதி அங்கிருந்துதான் லாரி ஏறுகிறது. களிமண், ஃபெல்ட்ஸ்பார் எல்லாவற்றையும் அரைத்து, உலர்த்தி, அழுத்தி, சுமார் 1200 டிகிரியில் சுடுகிறார்கள். நெடுங்காலம் நிலக்கரியிலிருந்து வாயு எடுத்து எரித்தார்கள். காற்றும் நிலத்தடி நீரும் கெட்டுப்போவதாக வழக்கு நடந்து, 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த நிலக்கரி வாயுக் கலன்களை மூடச் சொன்னது. ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. ஊர்க் காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் சூளை எப்போதும்போல எரிகிறது.

அப்படியானால் ஆத்தங்குடிக்குத்தான் வெற்றியா? அங்கே அடுப்பு இல்லை என்பது பாதி உண்மை. அடுப்பு, சிமென்ட் ஆலைகளின் ஊரான அரியலூரில் இருக்கிறது. சிமென்ட் இல்லாமல் ஆத்தங்குடிக் கல் இல்லை; சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரியில் சுடாமல் சிமென்ட் இல்லை. மோர்பிச் சூளையைவிட இதில் சூடு அதிகம். எரிபொருளின் புகை ஒரு பங்கு என்றால், சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறும் கரியமில வாயு அதைவிடப் பெரிய பங்கு. (அரியலூர் ஒரு காலத்தில் கடலடி. அன்றைய கடலுயிர்கள் ஓட்டுக்குள் பூட்டிவைத்த கரியைத்தான் நாம் இப்போது திறந்துவிடுகிறோம்.) உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமென்ட்டின் கணக்கு. கல்லின் முகத்துக்கு வேண்டிய வெள்ளைச் சிமென்ட்டோ பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து வருகிறது.

ஆத்தங்குடிக் கல்லில் சிமென்ட்டைவிட மணல்தான் அதிகம் என்பது உண்மை. ஆனால் கல் தடிமனானது, முக்கால் அங்குலம் வரை இருக்கும். மோர்பியில் சுடுகிற விட்ரிஃபைடு டைல்ஸ் அதில் பாதிதான். சதுர அடிக்கு எடை இரு மடங்கு என்றால், சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோகும் லாரிக்கு டீசலும் அதற்கேற்ப ஏறும். காரைக்குடியில் வீடு கட்டுகிறவருக்கு இது உள்ளூர்ச் சரக்கு. குருகிராமில் கட்டுகிறவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. கடைகளில் ‘ஆத்தங்குடி டிசைன்’ என்று விட்ரிஃபைடு டைல்ஸ் மேல் அச்சடித்து விற்பதையும் பார்க்கிறேன். பூ மட்டும் செட்டிநாட்டுப் பூ. அதைச் சூழலுக்கு நல்லது என்று ஒரு விற்பனையாளர் என்னிடம் சொன்னபோது அவருடைய துணிச்சலை ரசித்தேன்.

ஆகவே சுட்டதா சுடாததா என்பதைவிட, போட்ட தரை எத்தனை வருஷம் கிடக்கும் என்றே நான் கேட்பேன். ஐம்பது வருஷம் கிடக்கிற தரைக்கு எரித்த நெருப்பு ஐம்பதாகப் பங்கு பிரியும். ஏழாம் வருஷம் பெயர்த்தால் ஏழாக. செட்டிநாட்டு வீடுகளில் தாத்தா காலத்துத் தரை இன்னும் முகம் காட்டுகிறது என்பதே அந்தக் கல்லுக்கு நான் கொடுக்கிற சான்றிதழ்.

ஆனால் அந்த ஆயுள் தானாக வந்ததல்ல. “தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால துடைங்க, நடக்க நடக்க மினுங்கும்” என்று உள்அலங்கார நிபுணர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். யார் துடைப்பது என்று மட்டும் சொல்வதில்லை. நாலு வீட்டு வேலையை ஒரே காலையில் முடிக்க வேண்டிய பெண்ணின் கையில் கழிவறை ஆசிட்டைக் கொடுத்துவைத்திருக்கிறோம். விட்ரிஃபைடு தரை அதைத் தாங்கும், சிமென்ட் கல் தாங்காது. புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சிந்தினாலே அதன் முகம் வெளிறிவிடும். அப்புறம் கல்லைத்தான் குறை சொல்வார்கள், இடிக்கவும் செய்வார்கள். துடைக்கிறவரைக் கேட்காமல் தரையைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இத்தனை பேச்சுக்கும் நடுவே சத்தமில்லாமல் புதைந்துபோவது மொசைக். எழுபது, எண்பதுகளில் கட்டிய வீடுகளில் பளிங்குச் சில்லுகளைச் சிமென்ட்டில் பதித்துப் போட்ட தரை. மங்கிப்போயிருக்கும், அவ்வளவுதான்; உடைந்திருக்காது. அதன்மேலேயே பசை தடவி விட்ரிஃபைடு ஒட்டிவிடுகிறார்கள். விட்ரிஃபைடு தண்ணீரை உறிஞ்சாது, அதனால் சாதாரணக் கலவையில் சரியாகப் பிடிக்காது, பசை வேண்டும். பசையில் பிடித்த டைல்ஸை முழுசாகப் பெயர்க்கவும் முடியாது. ஒரு நல்ல தரையை மூடி, இன்னொன்றை மறுபடி உபயோகமில்லாதபடி ஒட்டுகிற வேலை இது. பெயர்: வீட்டைப் புதுப்பித்தல்.

மொசைக்கைப் பாலிஷ் போட்டால் போதும் என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பிறகு மெஷின் வைத்திருக்கிற ஆளைத் தேட வேண்டும். சாமான்களையெல்லாம் ஒதுக்க வேண்டும். தேய்க்கிறபோது வீடு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு ஓடும், சுவரின் அடியில் தெறிக்கும், மெஷின் இரைச்சலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்ப்பார். டைல்ஸ் கடையில் இந்தத் தொல்லை எதுவுமில்லை, காபியும் தருகிறார்கள்.