பெட்டிக்குள் கறுக்கும் முலாம்



பெருநாளுக்கென ஆசையுடன் வாங்கிய, தங்க முலாமிட்ட வெள்ளிக் கொலுசைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தீர்கள். சில காலம் கழித்து எடுத்துப் பார்த்தால், பொன்னிறம் மங்கிக் கருமை படர்ந்திருக்கிறது. அணியாத நகை தேய்ந்திருக்க முடியாதே! 'கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்' என்று சொல்ல நாவு துடிக்கிறது. சற்றுப் பொறுங்கள்.

நெசவுக்கும் கொலுசுக்கும் பெயர்பெற்ற சேலத்தின் அம்மாபேட்டை மக்களுக்கு வெள்ளி புதிதன்று. ஆயினும் அதன் அணுக்கள் 'நடக்கும்' என்பது பலர் அறியாதது. ஒட்டியிருக்கும் இரு உலோகங்களின் அணுக்கள், உருகாமலேயே ஒன்றினுள் ஒன்று மெல்லப் புகுகின்றன. இதனை 'விரவல்' என்பர்.

லண்டன் அரச நாணயச்சாலையைச் சேர்ந்த ராபர்ட்ஸ் ஆஸ்டன் இதனை 1896ஆம் ஆண்டில் அளந்து காட்டினார். ஈயத் தண்டின் அடியில் தங்கத்தை வைத்து, ஈயம் உருகாத அளவில் பல நாட்கள் சூடேற்றினார். பின்னர்த் தண்டைத் துண்டுகளாக அறுத்துச் சோதித்தபோது, தங்கம் மேலேறியிருக்கக் கண்டார். சாதாரண அறை வெப்பத்தில் 4 ஆண்டுகள் வைத்திருந்தபோதும் தங்கம் ஈயத்தினுள் புகுந்திருந்தது!

இன்று அறுக்கவேண்டிய தேவையில்லை. 1931இல் ஜெர்மனியில் உருவான எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழிவந்த கருவிகளுக்குள்ளேயே, மிக மெல்லிய உலோகப் படலத்தைச் சூடேற்றி, இரு உலோகங்களின் எல்லை நகர்வதை நேரில் காண்கின்றனர். வெவ்வேறு வெப்பநிலைகளில் அது நகரும் வேகத்தை அளந்து, அறை வெப்பத்தில் எத்தனை காலம் பிடிக்கும் என்று கணக்கிடுகின்றனர். அணுக்கள் இருமடங்கு தூரம் செல்ல ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் ஆகும். வெப்பம் கூடினால் வேகமும் பெருகும்.

உங்கள் கொலுசில் நடந்ததும் இதுவே. மெல்லிய முலாமின் நுண்துளைகள் வழியாகவும், தங்கத்தின் நுண்படிகங்களுக்கு இடைப்பட்ட எல்லைகள் வழியாகவும் வெள்ளி மேலே வருகிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களுடன் கூடிக் கறுக்கிறது.

ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: முலாமின் கனம் எவ்வளவு? வெள்ளிக்கும் தங்கத்துக்கும் நடுவே தடுப்புப் படலம் உண்டா? அப்படலம் நிக்கலா, பல்லேடியமா? நிக்கல் சிலரது தோலுக்கு ஒவ்வாது. நகையை அடுப்பின் வெம்மைக்கு அருகில் வைக்காதீர்கள்.

மெல்லிய முலாமைக் கனமானதென்று கூறி விற்றால் அது விற்பவரின் குற்றம். உண்மையைச் சொல்லி விற்ற பின்னும் கறுத்தால், அது உலோகத்தின் இயல்பு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், உழைத்துப் பிழைக்கும் ஒருவரின் நாணயத்தின்மீது கறை பூசலாமா? சிந்தியுங்கள்!