பண்ணைக்குட்டையில் தாழி தெரிந்தால்?

கேள்வி: பண்ணைக்குட்டை வெட்டும்போது முதுமக்கள் தாழியின் வாய் தெரிகிறது. வெளியே சொன்னால் நிலம் போய்விடுமா? – ஒரு விவசாயி, புதியம்புத்தூர்.

பதில்: உடனே ஜேசிபியை நிறுத்துங்கள். தாழியைக் கிளறாமல் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த மதிப்புள்ள பொருளை மறைப்பதுதான் குற்றம். தொல்லியல் துறையினர் சிறு சோதனைக் குழி போட்டுப் பார்ப்பார்கள். குழி போடுவதால் மட்டும் பட்டா மாறாது. மண்ணை அடுக்கடுக்காக வழித்து, எந்த அடுக்கில் எது கிடந்தது என்று குறிப்பார்கள். கரிசலில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். மேலே கிடந்த பாசிமணி கோடை வெடிப்பு வழியே கீழே இறங்கிவிடும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என ஆய்வில் தெரிந்தது. அந்தத் தாழியை உடைத்துக் கொட்டியிருந்தால் உமியும் மண்ணோடு போயிருக்கும். குட்டை வேலையை எப்போது தொடரலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.