வீட்டுச் சொல்லிலேயே கூறுங்கள்

பண்பாடு கடந்த உளவியல் என்னும் பாடத்தை எங்கள் பிரிவினர் சிலர் அண்மையில் பயின்று முடித்தோம். தேர்வுக்காகப் படித்தவற்றுள் பல மறந்துபோகலாம். நோயாளரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறிவிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கில் மனத்துயரை அப்பெயராலேயே சொல்லி வருவோர் குறைவு. 'நெஞ்சை அடைக்கிறது', 'உடம்பெல்லாம் எரிகிறது' என்பர். ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறுவோர் உடலைப் பற்றியே முதலில் பேசுவதில் வியப்பில்லை. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, மருத்துவமனையில் தமிழில் விடையளிப்போரும் இங்கு உண்டு. வேற்று நாட்டில் உருவாகித் தமிழாக்கம் பெற்ற வினாத்தாள்களில் இத்தகைய சொற்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் சில கேள்விகளை முன்வைத்தார். இந்நோயை நீங்கள் என்ன பெயரால் அழைக்கிறீர்கள்? எதனால் வந்தது என்று கருதுகிறீர்கள்? இதில் எதற்கு மிகவும் அஞ்சுகிறீர்கள்? கேட்பதற்கு எளியவை, ஆனால் நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் இவற்றுக்கு நேரம் ஒதுக்குவது எளிதன்று. ஒதுக்கியே ஆகவேண்டும் என்பது எங்கள் கருத்து.

விடை 'செய்வினை' என்றிருக்கலாம். 'அம்மன் குற்றம்' என்றிருக்கலாம். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கலாம். கடிந்துகொள்வார்கள் என்றஞ்சி அதை மறைக்க வேண்டா. விரத நாள்களில் மாத்திரையை நிறுத்தியது எங்களுக்குத் தெரியாவிட்டால், மருந்து போதவில்லை என்றெண்ணி அளவைக் கூட்டிவிட நேரும்.

துணைக்கு வருவோருக்கும் ஒரு சொல். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளரின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச்செய்து பராமரிப்பில் பங்கேற்க வைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அவ்வழியையே பின்பற்றியது. அருகிலிருந்து கவனித்தோர் நோயை அறிந்துகொண்டனர். வீடு திரும்பியபின் மருந்தைத் தொடரச் செய்தனர். ஆகவே உங்களை வெளியே நிறுத்த நாங்கள் விரும்பவில்லை.

எனினும் மாமியார் அருகிருக்க மருமகள் வாய்திறவாத வீடுகளும் உள. அதனால் குடும்பத்தோடு ஒருமுறையும், நோயாளரிடம் தனியே ஒருமுறையும் பேசுகிறோம். தனியே பேச விரும்புவோர் செவிலியரிடம் சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டோம்.