அங்கியைத் திருப்பிக் கொடுத்த பின்

"பிள்ளை, எங்களைச் சேர்த்து ஒருக்கா ஒரு படம் எடுத்துத் தருவீங்களோ?"

கொழும்பிலுள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தின் படிகளில் நின்றுதான் அந்தத் தாய் கேட்டார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பட்டமளிப்பு விழா வழமையாக இந்த மண்டபத்தில்தான் நடக்கிறது. பட்டமளிப்பு அங்கியோடு மகன். அவனுக்கு ஒரு பக்கத்தில் தாய், மறு பக்கத்தில் தாயின் தம்பி. முதல் நாள் இரவு கிளிநொச்சியில் பஸ் ஏறி, விடிய முதல் கொழும்பில் இறங்கியிருக்கிறார்கள். உள்ளே செல்ல இருவருக்குத்தான் அழைப்பு. இரண்டாவது ஆசனத்தில் இருந்திருக்க வேண்டியவர் 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்த பின்னர் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். அவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்க்கிறேன்.

படம் எடுத்து முடிந்ததும் அந்த அம்மா சொன்னார்: "மேடையில தம்பியின்ர பேரைக் கூப்பிடேக்க அவற்றை பேரையும் சேர்த்துத்தானே கூப்பிட்டவை. அது காணும் எனக்கு."

தமிழர் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால் வரும். அரச பட்டியல்களில் 'காணாமல் போனவர்' என்று எழுதப்பட்ட ஒருவரின் பெயர், அரச பல்கலைக்கழகம் ஒன்றின் மேடையில் ஒலிபெருக்கியில் கேட்கிறது. விழா நிகழ்ச்சி நிரலில் இதற்கென்று ஓர் இடமும் இல்லை. ஆனால், போருக்குள் பிறந்த பிள்ளைகள் பட்டம் பெறும் ஒவ்வோர் ஆண்டும் எங்கோ சில வரிசைகளில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்படியான படங்கள் சமூக ஊடகங்களில் வரும்போது இரண்டு விதமாக வாசிக்கப்படுகின்றன. 'வன்னியின் பிள்ளை சாதித்துவிட்டான்' என்று நாம் எழுதுகிறோம். 'பார்த்தீர்களா, வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகவே இருக்கிறது' என்று அரசின் பக்கத்தில் நிற்பவர்கள் எழுதுகிறார்கள். முதலாவது உண்மை. இரண்டாவது உண்மைதானா என்பதைப் பார்க்க, இந்த மண்டபத்துக்கு வந்து சேரும் பாதையையும் இங்கிருந்து புறப்படும் பாதையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

250உம் 227உம்

சீன அரசின் அன்பளிப்பாகக் கட்டப்பட்ட இந்த மண்டபம் 1973 மே மாதம் திறக்கப்பட்டது. 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய பிரதமரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குள் நுழைய, 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமாக இருந்தது. அந்த 23 புள்ளிகள் ஒரு தலைமுறையின் அரசியலை எப்படி மாற்றின என்பதை இந்தக் கட்டுரையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பொறியியல் என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் இவ்வளவு கனம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மறுக்கப்பட்ட ஒன்றின் மீதுள்ள பற்று அது.

மொழிவழித் தரப்படுத்தலைத் தொடர்ந்து 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணம் அதனால் பெரிதும் இழந்தது. ஆனால், நாம் அதிகம் பேசாத ஒன்றும் இருக்கிறது. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற இடங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கு அதே ஒதுக்கீடு ஒரு கதவைத் திறந்தது. யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகளுடன் போட்டியிட்டிருந்தால் அவர்களில் பலருக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

இன்று நடைமுறையில் இருப்பது அந்த ஏற்பாட்டின் திருத்திய வடிவம். உயர்தரப் பெறுபேறு இசெட் புள்ளியாக மாற்றப்படுகிறது. விஞ்ஞான, பொறியியல் துறைகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகியன அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்குள் அடங்குகின்றன. நான் படம் எடுத்த அந்த இளைஞனும் மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவன்தான். அதைச் சொல்லும்போது குரலைச் சற்றுத் தாழ்த்தினான்.

அவன் தாழ்த்தத் தேவையில்லை. பத்து வயதில், 2009 ஓகஸ்டில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்து புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிள்ளை அவன். கொழும்பு மாணவனின் புள்ளியையும் அவனது புள்ளியையும் பக்கத்தில் வைத்து 'திறமை' பற்றிப் பேசுபவர்கள், அந்த இருவரும் எங்கிருந்து ஓடத் தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சனத்தொகையோடு குறைந்த கதிரைகள்

மாவட்ட ஒதுக்கீடு எங்களுக்கு உதவுகிறது என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. 55 வீத இடங்கள் சனத்தொகையின்படி பிரிக்கப்படுகின்றன. அப்படியானால் சனத்தொகைக்கு என்ன நடந்தது?

1981 கணக்கெடுப்பில், இன்றைய யாழ்ப்பாண, கிளிநொச்சி மாவட்டங்களை உள்ளடக்கிய பகுதியில் ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 6 இலட்சத்து 97 ஆயிரம் பேர். அதே காலத்தில் நாட்டின் சனத்தொகை ஒரு கோடியே 48 இலட்சத்திலிருந்து இரண்டு கோடியே 3 இலட்சமாக உயர்ந்தது. அதாவது நாட்டின் சனத்தொகையில் இந்தப் பகுதியின் பங்கு 5.6 வீதத்திலிருந்து 3.4 வீதமாகச் சரிந்தது. கொல்லப்பட்டவர்கள், கடல் கடந்தவர்கள், 1990இல் விரட்டப்பட்ட வடக்கு முஸ்லிம்கள், அவர்களுக்குப் பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகள் எல்லோரும் இந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள்.

இடப் பங்கீட்டின் சூத்திரம் இதைக் கேட்பதில்லை. இருப்பவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. ஆகவே, போர் ஒரு மாவட்டத்தைக் காலியாக்கினால் பல்கலைக்கழகத்தில் அந்த மாவட்டத்தின் கதிரைகளும் காலியாகின்றன. இதில் எவருடைய தீய நோக்கமும் இருக்கத் தேவையில்லை. ஆனால், விளைவு இருக்கிறது. இடப்பெயர்வால் குறைந்த சனத்தொகையை இந்தக் கணக்கில் எப்படிக் கையாள்வது என்ற கேள்வியை எங்கள் பாராளுமன்றப் பிரதிநிதிகள் ஒரு கொள்கைக் கோரிக்கையாகவே எழுப்பியிருக்க வேண்டும்.

வாசலுக்கு முன்னால்

கிடைக்கும் இடத்தைப் பிடிக்க இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்று பாடங்களும் வேண்டும். வன்னியின் உட்கிராமத்துப் பாடசாலை ஒன்றில் இந்த மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருப்பதே ஒரு செய்தி. அந்தத் தாய் சொன்ன கணக்கு இது: மகனின் உயர்தரப் படிப்புக்காக நகரத்தில் அறை எடுத்தது ஒரு செலவு, ரியூசன் காசு இன்னொன்று. தாலிக்கொடி இரண்டு தடவை அடகுக்குப் போனது. பல்கலைக்கழகம் கிடைத்த பிறகு கட்டுபெத்தைப் பக்கத்தில் தங்குமிடமும் சாப்பாடும். மகாபொலப் புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000 ரூபா. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் அது 7,500 ஆக உயர்த்தப்பட்டது. இலவசக் கல்வி உண்மையிலேயே இலவசம்தான். அந்தக் கல்வியின் அருகே இருப்பதற்குத்தான் காசு வேண்டும்.

இந்த இடைவெளியை ஓரளவாவது நிரப்பியவர்களில் மாணவர்களே முன்னுக்கு நிற்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் உயர்தர மாணவர்களுக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துகிறார்கள். வினாத்தாள் தயாரிப்பதும், அதை வடக்கு, கிழக்கு, மலையகம் என்று கொண்டு செல்வதும், விடைத்தாள் திருத்துவதும் அவர்களே. தங்களுடைய விரிவுரைகளுக்கும் ஒப்படைகளுக்கும் நடுவே இதைச் செய்கிறார்கள். நான் சந்தித்த இளைஞனும் அந்தப் பரீட்சையை எழுதியவன். பின்னர் மூன்று ஆண்டுகள் அதற்கு விடைத்தாள் திருத்தியவன்.

வாசலுக்கு வெளியே

"இனி என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டேன். கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். பிறகு? "ரெண்டு வருசம் பார்ப்பம் அக்கா. வெளியில போற எண்ணமும் இருக்கு."

இதற்குப் பதிலாக ஊர் என்ன சொல்லும் என்பது எங்களுக்குத் தெரியும். 'படிக்கும்வரை மாவட்டம் வேணும், படிச்ச பிறகு கனடா வேணும்.' இந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முல்லைத்தீவுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் படித்தவர் முல்லைத்தீவுக்கு ஒரு நாளும் திரும்பாவிட்டால், அந்த ஒதுக்கீட்டால் மாவட்டத்துக்கு என்ன வந்தது என்ற கேள்வி நேர்மையான கேள்விதான்.

ஆனால், அந்தக் கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்கிறோம். ஒரு பொறியியலாளன் கிளிநொச்சிக்குத் திரும்பினால் அவனுக்காக அங்கே எத்தனை பதவிகள் காத்திருக்கின்றன? எத்தனை தொழிற்சாலைகள்? பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் போருக்கு முன் இந்த மண்ணில் பொறியியலாளர்களுக்கு வேலை கொடுத்தவை. இரண்டும் போரில் நின்றுபோயின. 2022இல் நாடு வங்குரோத்தான பின்னர் தெற்கின் பட்டதாரிகளும் விமான நிலையத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களிடம் எவரும் ஊர்க் கடன் கேட்பதில்லை. அடகில் இருக்கும் தாலிக்கொடியை மீட்க வேண்டிய ஒரு பிள்ளையிடம், அரசு கட்டியெழுப்பாத ஒரு மாவட்டத்தையும் சேர்த்து மீட்டுத் தா என்று கேட்பது நியாயமாகாது.

கேட்க வேண்டியவற்றைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கலாம். அதற்கு எங்களிடம் ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. பேராசிரியர் அ. துரைராஜா மண் பொறிமுறையில் உலகறிந்த ஆய்வாளர். களிமண் எந்த அழுத்தத்தில் எப்படி நெகிழ்கிறது என்று கேம்பிரிட்ஜில் அவர் இணைந்து செய்த ஆய்வு அந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்று. 1988 முதல் 1994இல் இறக்கும்வரை, போர் நடந்த அந்த ஆண்டுகளில், அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்போது ஒரு பொறியியல் பீடம் இருக்கவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் மாணவர்களோடு இயங்கத் தொடங்க 2014 ஆகிவிட்டது.

அந்தப் பீடம் இப்போது இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பொருளாதாரம்தான் இன்னும் இல்லை. யாழ் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கலந்திருப்பது பொறியியல் பிரச்சினை. குளங்களின் பராமரிப்பு, கரையோர அரிப்பு, மீன்களைப் பழுதாகாமல் பாதுகாப்பது எல்லாமே பொறியியல் பிரச்சினைகள். இவற்றுக்கான ஆய்வும் வேலையும் அறிவியல் நகருக்கும் அங்கே படித்தவர்களுக்கும் வர வேண்டும். மாகாண சபை இல்லாத நிலையிலும், உள்ளூராட்சி மன்றங்களும் புலம்பெயர் அமைப்புகளும் பெறுமதியான ஒன்றைச் செய்ய முடியும். பட்டம் பெற்றவருக்குப் பொன்னாடை போர்ப்பதற்குச் செலவாகும் காசில் ஒரு பகுதியை உட்கிராமத்துப் பாடசாலையின் பௌதிகவியல் ஆசிரியருக்கு மாதப்படியாகக் கொடுக்கலாம்.

போனவர்களையும் கணக்கிலிருந்து வெட்டிவிடத் தேவையில்லை. முன்னோடிப் பரீட்சையை நடத்துபவர்கள் கிளிநொச்சியில் இருந்துகொண்டு அதைச் செய்யவில்லை. கட்டுபெத்தையில் இருந்துதான் செய்கிறார்கள். ஊருக்குத் திரும்புவது ஒரு வழி, ஊரோடு தொடர்பில் இருப்பது இன்னொரு வழி. இரண்டாவதைச் செய்பவரை நாங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அதையும் இழந்துவிடுவோம்.

பின்னேரம் ஆகிவிட்டது. அங்கி இரவல்தான். திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்ததும் மகன் அதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனான். நான் எடுத்த படத்தை அம்மாவின் தொலைபேசிக்கு அனுப்பினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அவரும் அங்கே போய் வருபவர். நாளைக்கு இந்தப் படத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அங்கே போவேன் என்றார்.

"அங்க இருக்கிற மற்ற அம்மாக்களுக்கும் காட்டவேணும். அவையின்ர பிள்ளையளும் இப்ப ஏயெல் படிக்கிதுகள்."