சந்திரமுகி: அந்தப் பாம்பு எதுக்குங்க?

ஆட்டோ அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், நானும் தலைவர் ரசிகன்தான். 2005ல வந்த சந்திரமுகியை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்லை. அதுல பாதி வடிவேலுவுக்காக. ஆனா மக்கா, அந்தப் பாம்பு எதுக்கு?

அவ்ளோ பெரிய பாம்பு அரண்மனைக்குள்ள ஊர்ந்துக்கிட்டு இருக்கு. கதையில ஒரு வேலையும் செய்யல. 1993ல ஃபாசில் எடுத்த மூலப்படமான மணிச்சித்திரத்தாழ்ல பாம்பே கிடையாது. ஆக, இது பி.வாசு சாரோட சொந்தச் சரக்கு. எங்க பொழப்புல இப்படி எங்கயும் கூப்பிடாத ஒரு ஃபங்ஷனை எழுதி வச்சா ரிவ்யூல கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க.

"பேய்ப்படத்துல லாஜிக்கா?"ன்னு உடனே கேப்பீங்க. சண்டையே அங்கதான். இது பேய்ப்படம் இல்லைன்னு சொன்னது நானில்ல, படமே சொல்லுது. அமெரிக்காவுல இருந்து வந்த மனநல டாக்டர் சரவணன், கங்காவுக்கு வந்திருக்கறது வியாதின்னு அடிச்சுச் சொல்றாரு. விட்டலாச்சார்யா படத்துல பாம்பு வந்தா நான் ஏன் கேக்கப் போறேன்?

அப்புறம் தெலுங்கு. மலையாளத்துல நாகவல்லி தமிழ்ப்பொண்ணு, அதனால அந்த கங்கா தமிழ் பேசறா. கேரளாக்காரங்களுக்கு அது பக்கத்து வீட்டு மொழி, போகட்டும். நம்ம கங்கா அவ்ளோ சரளமா தெலுங்கு எங்க கத்துக்கிட்டாங்க? பிளவுபட்ட ஆளுமைன்னு ஒரே வார்த்தையில மூடிடாதீங்க. மனநோய் வந்தா மனசுல இருக்கறது கலையும், தெரியாத பாஷை தெரிஞ்சிடாது. (அப்படித் தெரியும்னா நானே ஜெர்மன் கிளாஸுக்குக் கட்டின காசைத் திருப்பிக் கேப்பேன்.) 'லக லக லக'வை சரவணனுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு நான் கேக்கவே இல்லை, அது தலைவர் கோட்டா.

இதெல்லாம் வெறும் ஓட்டைன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா டாக்டர் சொன்ன விளக்கத்துல ஓட்டை விட்டா, அந்த ஓட்டை வழியா பேய்தான் திரும்ப உள்ள வரும். படம் பார்த்துட்டு வர்றவங்க, "டாக்டர் ஏதோ சொல்றாரு, ஆனா பாம்பு இருந்துச்சே"ன்னுதானே பேசுவாங்க? இந்தப் படம் வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஏர்வாடியில மனநோயாளிகளைச் சங்கிலியில கட்டி வச்சிருந்த காப்பகம் ஒண்ணு தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவங்களை பேய் பிடிச்சிருக்குன்னு கொண்டுபோய்க் கட்டிப் போடற ஊரு இது. அந்த ஊர்ல, சாந்தி தியேட்டர்ல மட்டுமே 800 நாளைத் தாண்டி ஓடின படம், டாக்டர் கட்சியா மந்திரவாதி கட்சியான்னு தெளிவாச் சொல்லியிருக்க வேணாமா? ரெண்டு பக்கமும் டிக்கெட் விக்கணும்னு பாம்பை அவுத்து விட்டுட்டாங்க.

2023ல ராகவா லாரன்ஸை வச்சு ரெண்டாம் பாகமும் எடுத்தாச்சு. அதே வாசு சார்தான். தெலுங்கு கிளாஸ் எங்க நடந்துச்சுன்னு இன்னும் யாரும் சொல்லல.