பாணிக்கு முன்னால் மரம்

போன்சாய் கண்காட்சி மேசைகளில் ஃபைகஸும் ஆலும் பைன் மரங்களாக வேடமிட்டு நிற்பதை அடிக்கடி பார்க்கிறோம். கிளைகள் கம்பி கட்டிக் கீழே இறக்கப்பட்டிருக்கின்றன. இலைகள் தட்டுத் தட்டாகக் கத்தரிக்கப்பட்டிருக்கின்றன. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பைனின் கிளை தாழ்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு: ஆண்டுதோறும் பனி அதன்மேல் கனத்து அமுக்கியது. நம் ஆலமரக் கிளையை எந்தப் பனி அமுக்கியது?

நாம் மனப்பாடமாகச் சொல்லும் பாணி ஒவ்வொன்றும் ஓரிடத்தில் ஒரு மரத்துக்கு நேர்ந்த கதை. கெங்காய், பாறை விளிம்பில் முளைத்துச் சரிவிலும் கல்விழுகையிலும் கீழே தள்ளப்பட்ட மரம். அதனால்தான் அதன் கிளை நுனிகள் வெளிச்சம் தேடி மேலே திரும்புகின்றன. ஃபுகினகாஷியில் காற்று வரும் பக்கத்து மொட்டுகள் கருகிப்போகும். தப்பிய கிளையும் வளைந்து எதிர்ப்பக்கமே ஓடும். காற்றுப் பக்கம் ஒரே ஒரு கிளை செழிப்பாக நிமிர்ந்து நின்றாலும் மரம் பொய்யாகிவிடும். புன்ஜின் சீன அறிஞர்களின் மை ஓவியங்கள் வழியே வந்தது என்றாலும், அந்த ஓவியங்களுக்குப் பின்னாலும் மலைப் பைன்கள் இருந்தன.

ஹொக்கிதாச்சி என்னும் துடைப்பப் பாணியைப் பாருங்கள். 1923 கான்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் போன்சாய் வளர்ப்பாளர்கள் ஓமியாவுக்குக் குடிபெயர்ந்து 1925இல் அங்கே தங்கள் கிராமத்தை அமைத்தார்கள். அவ்வூரின் ஹிக்காவா கோயிலுக்குச் செல்லும் 2 கிலோமீட்டர் நடைவழியெங்கும் கெயாகி மரங்கள். நேரான தண்டு, ஏறத்தாழ ஒரே மட்டத்தில் பிரிந்து, தலைகீழாக நிறுத்திய துடைப்பம்போல விரியும் கிளைகள். பிரியும் இடத்தில் புடைப்பே இராது. தொட்டியிலும் அது வரவேண்டும் என்பதற்காகத்தான் தண்டைத் துண்டித்து, வெட்டுவாயை ஆப்பு வடிவில் குடைந்து, சுற்றிலும் நார் இறுக்கிக் கட்டுகிறார்கள். கட்டாமல் விட்டால் தளிர்கள் வெடிக்கும்போது தலை வீங்கிக் குமிழாகிவிடும்.

மற்ற நாட்டார் தம் மண்ணைப் பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் சார்லஸ் செரோனியோ அந்நாட்டுத் தட்டைத்தலை வேலமரங்களிலிருந்து பாணிகள் வகுத்தார். அவற்றில் ஒன்றுக்கு ஓவியர் பியர்னீஃபின் பெயர். நியூ ஆர்லியன்ஸின் வான் பேன்டிங், முதிர்ந்த சதுப்புநில சைப்ரஸின் தட்டை முடியைத் தொட்டிக்குள் கொண்டுவந்தார்.

நமக்கு ஆல் இருக்கிறது. அதன் கிளை தாழாமல், நிமிராமல் கிடைமட்டமாக நெடுந்தூரம் ஓடுவது விழுதுகளின் பலத்தில். மண்ணில் ஊன்றிய விழுது தானே இறுகி விறைப்பாகிறது, பிறகுதான் தடித்துத் தூணாகிறது. தொட்டியில், கிளையடியில் வெளிர்நுனி காட்டும் விழுதை, நீளவாக்கில் கீறிய உறிஞ்சுகுழலுக்குள் விட்டு ஈரப்பாசி அடைத்து மண்வரை இறக்குங்கள். கிளையைத் தாங்கும் இடத்தில் இறக்குவது முக்கியம். அலங்காரத்துக்காகத் தொங்கவிட்ட விழுது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் குடைவேலமும் நிற்கிறது. இதற்கென ஒரு பாணியை நாம் இன்னும் எழுதி வைக்கவில்லை. இதழ் அதைத் தொடங்க விரும்புகிறது. அப்பகுதி வாசகர்கள் முதிர்ந்த மரங்களைக் கோட்டோவியமாக வரைந்து அனுப்புங்கள். தண்டு எந்த உயரத்தில் பிரிகிறது, முடியின் அகலம் மரத்தின் உயரத்துக்கு எத்தனை மடங்கு என்று குறியுங்கள். புகைப்படம் எடுத்தால் அடியில் நின்று மேல்நோக்கி ஒன்றும் எடுங்கள். கிளைகள் பிரியும் முறை அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.